கண்ணாடிப் பேழைக்குள் யாருடைய கப்பல்?

மரத்தினாற் பாய்க்கப்பல் மாதிரிகளை அமைத்துக் காட்சிக்கு வைப்பது பொழுதுபோக்கு என்னும் பெயரால் வழங்கினும், அது வெறும் பொழுதுபோக்கன்று. ஏராவை இட்டு, வங்குகளை நிறுத்தி, பலகையை வளைத்து, பாய்மரம் நாட்டி, நூலாற் கயிறு திரித்துக் கட்டும் ஒருவர், சென்றுபோன ஒரு காலத்தின் தொழினுட்பத்தைத் தம் விரல்களால் மீண்டும் ஒருமுறை சிந்திக்கின்றார். எக்கப்பலை மாதிரியாகச் செய்வதென அவர் தெரிந்தெடுக்கும்போதே, எது நினைவுகூரத்தக்கது, எது மறக்கத்தக்கது என்னும் தீர்ப்பையும் வழங்கிவிடுகின்றார். தமிழ்பேசும் மக்களின் கரையோரங்களில் இத்தீர்ப்பு நெடுங்காலமாகத் தவறாகவே வழங்கப்பட்டு வருகின்றது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

வசதிபடைத்த இல்லங்களின் வரவேற்பறைகளிலும் நிறுவனங்களின் முன்கூடங்களிலும் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மரக்கப்பல் எது? பெரும்பாலும் அது 1765இல் நீரிலிறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலாகிய விக்டரி. அன்றேல் 1869இல் தேயிலை வாணிகத்துக்கெனக் கட்டப்பட்ட கட்டி சார்க். அன்றேல் 1492இற் கொலம்பசு செலுத்திச் சென்ற சாந்தா மரியா. வெட்டிய பலகைகளும் வார்த்த பீரங்கிகளும் விளக்கப்படமும் அடங்கிய பெட்டிகளாக இவை உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன. தமிழரும் வாழும் மொரீசியசுத் தீவிலே இம்மாதிரிகளைச் செய்வது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கும் தொழிலாளரின் கைகள் உல்லாசப் பயணிகளுக்காக உருவாக்குவன பெரும்பாலும் ஐரோப்பியரின் கப்பல்களே.

இவற்றைச் செய்வோரின் உழைப்பை இகழ்வதற்கில்லை. விக்டரியின் கயிற்றமைப்பை முறையாகக் கட்டி முடிப்பதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் செல்லும். ஆயின் அவ்வுழைப்பு எதன்மீது செலவிடப்படுகின்றது என்பதே வினா. சாந்தா மரியாவுக்கு வரைபடமோ, நேரிற் கண்டு தீட்டிய ஓவியமோ எஞ்சவில்லை. அதன் பெயரால் விற்கப்படும் மாதிரிகள் யாவும் பிற்காலத்தவரின் ஊகங்களே. ஐரோப்பியரின் ஊகமொன்றுக்கு நூற்றுக்கணக்கான மணித்தியாலங்களைச் செலவிடும் தமிழ் இளைஞன், தன் பாட்டன் ஏறிச்சென்ற வள்ளத்தின் உண்மைக்கு ஒரு மணித்தியாலத்தைத்தானும் ஒதுக்கவில்லை. இது கைத்திறனின் குறைபாடன்று, வரலாற்றுணர்வின் குறைபாடு.

இக்குறைபாட்டை அளந்து பார்ப்பதற்குச் சிலாவத்துறையை விடப் பொருத்தமான கரை வேறில்லை. மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பிரதேசத்தில் உள்ள கடலோரக் கிராமம் அது. முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல் இப்பெயருள் உறைந்துள்ளதெனக் கூறுவர். இக்கரைக்கு அப்பால் மன்னார்க் குடாவிற் பரந்துகிடப்பனவே இலங்கையின் புகழ்பெற்ற முத்துப்பார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்பின் பிரித்தானியரும் இப்பார்களின் வருவாயை நாடினர். குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் சிலாவத்துறை, கொண்டச்சி, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே ஓலைக் கொட்டில்களாலான பெருநகரங்கள் சில கிழமைகளுக்குள் எழுந்து, குளிப்பு முடிந்ததும் மறைந்தன. யாழ்ப்பாணம், மன்னார், இராமேசுவரம், கீழக்கரை, தூத்துக்குடி முதலிய துறைகளிலிருந்து வள்ளங்கள் வந்து திரண்டன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட வள்ளங்களும் ஐயாயிரத்தை அண்மிய குளியாட்களும் ஈடுபட்டனர். கோடிக்கணக்கான சிப்பிகள் கரைசேர்ந்தன.

பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநரான பிறெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிலே கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். கிரேக்கத் தூண்முறையைத் தழுவிய அக்கட்டடம் டொரிக் என்னும் பெயரால் இன்றும் அறியப்படுகின்றது. கடல் அரித்துச் செல்லும் மேட்டின் விளிம்பில், இடிபாடாயினும், அது நிற்கின்றது. அதனைப் பார்க்க வருவோரும் உளர். அதைப்பற்றி எழுதுவோரும் உளர். ஆளுநர் நின்று பார்த்த மாளிகை எஞ்சியுள்ளது; அவர் பார்த்த வள்ளங்கள் எஞ்சவில்லை. கல் நிலைக்கும், மரம் உக்கிப்போகும் எனச் சமாதானம் கூறலாம். விக்டரியும் மரந்தானே! அது 1922 தொட்டுப் போர்ட்ஸ்மத்தின் உலர்துறையிற் பேணப்பட்டு வருகின்றது. பேணவேண்டுமென எண்ணியோர் பேணினர் என்பதே உண்மை. மன்னாரின் முத்து வருவாய் எந்த முடிக்குச் சென்றதோ, அந்த முடியின் போர்க்கப்பலுக்கே மன்னாரின் பேரப்பிள்ளைகளும் இன்று பலகை வளைக்கின்றனர்!

‘வள்ளங்கள்பற்றி நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றதே, அது போதாதா?’ என வினவலாம். போதாது. யேம்ஸ் கோடினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியான தமது இலங்கை நூலில் முத்துக்குளி வள்ளங்களை வருணித்துள்ளார். அவை தளமின்றித் திறந்தவை. ஒரே பாய்மரமும் பருத்தித் துணியாலான ஒரே பெரும் பாயும் உடையவை. நீளம் நாற்பத்தைந்து அடியளவு, அகலம் ஏழெட்டு அடி, ஆழம் மூன்றடி. இவ்விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மாதிரி செய்ய முயன்று பார்க்கட்டும். அணியம் எவ்வளவு சாய்ந்து எழுகின்றது? வங்கு எவ்விடத்தில் வளையத் தொடங்குகின்றது? பலகைகள் தைக்கப்பட்டனவா, ஆணியால் இறுக்கப்பட்டனவா? பருமலின் எப்பகுதியில் ஆஞ்சான் கட்டப்பட்டது? குளியாட்களைக் கடலடிக்கு இறக்கிய கற்களின் கயிறுகளை வள்ளத்தின் விளிம்பு எவ்வாறு தாங்கிற்று? மூன்று எண்களிலிருந்து இவற்றுக்கு விடை வராது. எழுத்தாளன் அறியாததைத் தாண்டிச் சென்றுவிடலாம். மாதிரி செய்பவன் தாண்ட இயலாது. ஒவ்வொரு மூட்டிலும் அவனுடைய கை விடை கூறியே ஆகவேண்டும். மாதிரிக்கப்பலின் புலமைப் பெறுமதி இங்கேதான் தங்கியுள்ளது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தென்னிலங்கையின் கடல்வாணிகத்தில் ஈடுபட்ட யாத்திரா தோணி என்னும், பக்கமிதவை பூட்டிய பெரிய மரக்கலம், 1930இல் மாலைதீவுக் கடலிற் சிதைந்த ஒரு கலத்துடன் முடிவெய்தியதெனக் கூறப்படுகின்றது. எனினும் அதன் வடிவம் முற்றாக மறைந்துவிடவில்லை. தொடந்துவையிலுள்ள குமாரகந்த விகாரையில் அக்கலத்தின் மாதிரியொன்று பேணப்பட்டு வந்தது. பிற்காலத்திற் கடல்சார் தொல்லியலாளர் அம்மாதிரியை அளந்து, மறைந்த கலத்தின் அமைப்பை ஆராய்ந்தனர். மாதிரியைச் செய்த கைகள் ஆய்வு செய்வதாக எண்ணியிருக்கமாட்டா. ஆனால் ஆய்வு அக்கைகளிடமே வந்து நின்றது. தென்கரையில் ஒரு விகாரை செய்த பணியை வடமேல் கரையில் எந்தக் கோயில், எந்தத் தேவாலயம், எந்தப் பள்ளிவாசல், எந்தக் கல்லூரி செய்தது?

அந்நியர் இத்துறையிற் காட்டிய அக்கறையும் மனங்கொளத்தக்கது. பிரான்சியக் கடற்படை அதிகாரியான எட்மண் பரி, ஐரோப்பியரல்லாதாரின் கலங்களை அளந்து வரைந்து, 1840களின் தொடக்கத்திற் பெருநூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் கலங்களும் இலங்கையின் கலங்களும் அதில் இடம்பெற்றன. பின்னர் பாரிசிலுள்ள கடல் நூதனசாலைக்குப் பொறுப்பாளராகி, அத்தகைய கலங்களின் மாதிரிகளையும் செய்வித்தார். யேம்ஸ் ஹோர்ணெல் 1902இல் மன்னாரின் முத்துப்பார்களை ஆராயும் பணிக்கு வந்தவர். சிப்பியைப் பார்க்க வந்தவர் வள்ளத்தையும் பார்த்தார். இந்தியக் கலங்களின் அமைப்புப்பற்றி 1920இலும், இலங்கையின் மீன்பிடிக் கலங்கள், கரையோரக் கலங்கள் ஆகியனபற்றி 1943இலும் அவர் எழுதியவை இன்றுவரை மூலநூல்களாக உள்ளன. இவர்கள் ஆதிக்க நாடுகளின் அலுவலர் எனக் குறைகூறுவது எளிது. அவர்கள் விட்டுச்சென்ற இடத்திலிருந்து ஓரடியேனும் முன்னே வைப்பதுதான் கடினம்.

இனி, மற்றொரு சாராரையும் நோக்கவேண்டும். அந்நியக் கப்பலை விட்டொழித்துச் சொந்தக் கப்பலையே செய்கின்றோம் என முன்வருவோர் இவர்கள். இவர்களது பிழை நுட்பமானது. ஆகவே அபாயம் கூடியது. விழா மண்டபங்களிலும் கண்காட்சிகளிலும் புலிக்கொடி பறக்க, அன்னமுகத்துடன் நிற்கும் ‘சோழர் கப்பல்’ இவர்களுடைய படைப்பு. முதலாம் இராசேந்திரன் 1025 அளவிற் கடல்கடந்து படை நடத்தினான் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அப்படையை ஏற்றிச்சென்ற கலம் எத்தகையது என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. சாவகத்துப் போரோபுதூர்ச் சிற்பத்திற் காணும் கலத்துக்குப் புலிக்கொடி கட்டிவிடுவதனால் அது சோழர் கலமாகிவிடாது. இல்லாத சான்றை மரத்திற் செதுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வரலாற்றுப் பற்றன்று. வரலாற்றுக்குச் செய்யும் இரண்டகம்.

ஊகித்துச் செய்யவே கூடாதென்பதன்று வாதம். இந்தியக் கடற்படை 2025இற் சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா என்னும் கலம் அஜந்தா ஓவியமொன்றைத் தழுவியது. பலகைகளைக் கயிற்றாற் தைத்துக் கட்டப்பட்டது. வரைபடம் எதுவும் இல்லாத நிலையில், அதன் அமைப்பு கடலில் நிலைக்குமா என அறியச் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் துணையுடன் மாதிரிகொண்டு சோதனைகள் நடத்தப்பட்டன. அங்கே ஊகம் ஊகமென்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. மாதிரி அதனைச் சோதிக்கும் கருவியாயிற்று. கண்காட்சிச் சோழர் கப்பலோ எவரும் சோதித்துவிடக்கூடாதென்பதற்காகவே கண்ணாடிக்குள் நிற்கின்றது!

பெட்டியில் வாங்கிய விக்டரியும் கற்பனையிற் பிறந்த சோழர் கப்பலும் வெவ்வேறு திசைகளை நோக்கி நின்றாலும், இரண்டும் ஒரே பணியையே செய்கின்றன. கரையிலே உழைத்து வாழ்ந்த மக்களின் வள்ளத்தை இரண்டும் மறைக்கின்றன. ஒன்று ஆண்டவனின் கப்பல்; மற்றது ஆண்டதாகப் பெருமைகொள்வதற்கான கப்பல். குளியாளும் தண்டையலும் ஓடாவியும் இரண்டிலும் இல்லை.

வள்ளத்துக்கு அழகில்லை, பீரங்கியில்லை, சித்திர வேலைப்பாடில்லை, அதைக் காட்சிக்கு வைப்பதெப்படி என்பது ஓர் ஆட்சேபம். மிகையான பொருளொன்றும் இல்லாமை அழகின்மையாகாது. ஆழங்குறைந்த கடலில், ஆட்களையும் சிப்பிகளையும் சுமந்து, காற்றில்லாதபோது துடுப்புக்கும் இணங்கி, மணற்கரையில் ஏற்றி இறக்கத்தக்கதாய் அமைந்த வடிவம் அது. தேவை அறிந்து அமைந்த வடிவத்தின் அழகைக் காணாத கண் பயிற்சி பெறவேண்டிய கண்.

முத்துக்குளிப்பு உழைப்பாளரைப் பிழிந்த தொழில். அதன் வள்ளத்தை அழகுப் பொருளாக்குவது அவர்களின் துன்பத்தை மூடிமறைப்பதாகும் என்பது மற்றோர் ஆட்சேபம். இது மதிக்கத்தக்கது. ஆயின் துன்பத்தை மறைப்பது மாதிரியன்று, மாதிரி இன்மையே. ஒரு கல்லுக்கு இருவராக முறைவைத்து மூழ்கிய குளியாட்கள், அவர்களின் கயிற்றைப் பிடித்து மேலே நின்ற மண்டக்குகள், சுறாவைக் கட்ட மந்திரம் ஓதிய கடற்கட்டியை நம்பி இறங்கிய அச்சம், எடுத்த சிப்பியிற் பெரும்பங்கை அரசு கவர்ந்துகொண்ட கணக்கு ஆகியன எல்லாம் அந்தத் திறந்த வள்ளத்துக்குள்ளேதான் நிகழ்ந்தன. இருபதுக்கு மேற்பட்டோர் எவ்வளவு இடத்துக்குள் நெருங்கி நின்று உழைத்தனர் என்பதை அளவுத்திட்டத்துக்கமைந்த மாதிரி ஒரு பார்வையிற் காட்டிவிடும். டொரிக் மாளிகையின் தூண்களில் இதனைக் காணவியலாது.

புகைப்படம் போதுமே என்பாரும் உளர். புகைப்படம் நீர்மட்டத்துக்கு மேலுள்ளதைக் காட்டும். நீருக்குள் இருக்கும் வடிவமே கலத்தின் அறிவு. இவையெல்லாம் விளையாட்டு என ஒதுக்கும் அறிஞர்க்குப் பிரான்சியரான சான் பூத்ரியோவின் பணியே விடை. எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல்பற்றி 1970களில் நான்கு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல், மாதிரி செய்வோர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் ஒருங்கே மூலநூலாயிற்று. பொழுதுபோக்குக்கும் புலமைக்கும் இடையே உள்ள வேலி, அதனைத் தாண்டத் துணியாதோர் கண்ணுக்கே உயரமானது.

தமிழ்க்கரையில் இந்த அறிவு எவ்வளவு விரைவில் அழியக்கூடும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சாட்சி. 1925க்குப் பின்னர் மன்னாரிற் பழைய வகையான பெருங்குளிப்பு நிகழவில்லை. பின்னர் இயந்திரம் வந்தது. பாயும் பருமலும் தேவையற்றுப்போயின. பைபர் கண்ணாடி வள்ளம் வந்தது; ஓடாவியின் உளியும் வாய்ச்சியும் ஓய்ந்தன. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது சிலாவத்துறை உள்ளிட்ட முசலிக் கரையின் முஸ்லிம்கள் தம் ஊரையும் கடலையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. 2007 செப்ரெம்பரில் போர் இக்கரைக்கு மீண்டும் வந்தபோது முள்ளிக்குளத்துத் தமிழரும் இடம்பெயர்ந்தனர். வள்ளம் கட்டும் அறிவு நூலில் இருந்ததன்று. தந்தையின் கையிலிருந்து மைந்தனின் கைக்கு, அந்த மணலில் நின்றபடியே, சென்ற அறிவு. மணலை விட்டு மக்களைப் பெயர்த்தபோது அந்தச் சங்கிலியும் அறுந்தது. தமிழரின் கடல் மரபு என மேடைகளிற் பேசுவோர், அம்மரபைத் தாங்கியவர்களுள் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இருந்தனர் என்பதையும், அவர்களுக்கு இழைக்கப்பட்டதையும் சேர்த்தே பேசவேண்டும். அதனை விட்டுவிட்டுச் செய்யப்படும் எந்த மாதிரியும் பலகை குறைந்த மாதிரியே.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணியை இங்கே எடுத்துக்காட்டுவோர் இருப்பர். 1930இல் அங்கே கட்டப்பட்ட அவ்விருபாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடியான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். புளோறன்ஸ் சி. றொபின்சன் என்னும் புதுப்பெயருடன், வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் செல்ல, 1938 ஓகஸ்டில் அது மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பெருமைக்குரிய செய்தியே. ஆயின் அப்பெருமையைப் பேசுவோருள் எத்தனைபேர் அதன் வங்குகளின் எண்ணிக்கையை அறிவர்? அதன் பருமல்களைப் பெயர்சொல்லிக் காட்டத்தக்கவர் எத்தனைபேர்? பயணத்தைக் கொண்டாடுவோர் கலத்தைக் கற்கவில்லை. கலத்தைக் கல்லாதார் கொண்டாட்டம் நாளடைவிற் கதையாகிவிடும். கதையான பின் அதற்கும் ஓர் அன்னமுகம் முளைத்துவிடும்.

கலத்தோடு சொல்லும் அழிகின்றது. ஏரா, வங்கு, அணியம், பருமல், ஆஞ்சான், தாமான் என்னும் சொற்களுக்கு அகராதியிற் பொருள் காணலாம். 1950இற் சென்னையிலே அச்சேறிய கப்பல் சாத்திரம் என்னும் பழைய நூலையும் படிக்கலாம். ஆனால் பருமல் எங்கே நிற்கும், தாமானை எந்தப் பக்கம் இழுத்தாற் பாய் எவ்வாறு திரும்பும் என்பதைச் சொல்லோடு பொருளும் சேர்ந்து நின்றாலன்றி எவரும் அறியார். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனைவிடச் சிறந்த சொல்லாய்வுக் கூடம் வேறில்லை.

செய்யவேண்டுவது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. மன்னார்க் கரையோரத்திற் கரையேற்றி விடப்பட்ட மரவள்ளம் ஒன்றேனும் எஞ்சியிருக்குமாயின், மாணவர் சிலர் சென்று அதனை அணியம் முதல் பின்புறம் வரை அளக்கட்டும். ஒவ்வொரு வங்கின் வளைவையும் தாளிற் படியெடுக்கட்டும். பாய் விரித்துச் சென்ற அனுபவமுள்ள முதியோரிடம், ஊரும் சமயமும் பாராது, உறுப்புகளின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். அடிக்கு அரை அங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் நாற்பத்தைந்து அடி வள்ளம் இருபத்திரண்டரை அங்குல மாதிரியாகும். ஒரு மேசைக்கு அது போதும். மரவேலை அறிந்த ஓடாவியை மேற்பார்வைக்கு அழைக்கட்டும். அவருக்குக் கூலியும் கொடுக்கட்டும். மாதிரியின் அடியில் அவருடைய பெயரையும் பொறிக்கட்டும். இன்றைய மரவள்ளம் கோடினர் கண்ட வள்ளமன்று. ஆகவே எது அளந்தது, எது கேட்டறிந்தது, எது ஊகித்தது என்பதை அதே பலகையில் ஒளியாது எழுதட்டும். இந்த மூன்று வரிகள் இல்லாத மாதிரி எத்துணை அழகாயினும் பொம்மையே.

முதல் மாதிரி சிலாவத்துறைக்கே உரியது. ஆளுநரின் மாளிகையைப் பார்க்க வருவோர் அக்கரைப் பாடசாலையொன்றில் அதனையும் பார்க்கட்டும். தம் முன்னோர் எதில் ஏறிக் கடலுக்குச் சென்றனர் என அவ்வூர்ப் பிள்ளைகள் விரலாற் தொட்டு அறியட்டும். இரண்டாவது மாதிரியைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளலாம். விக்டரிக்கு இடம் வேண்டுமாயின் அதன்பின் ஒதுக்கலாம். அது ஏற்கெனவே போர்ட்ஸ்மத்தில் முழு உருவில் நிற்கின்றது. சிலாவத்துறையின் வள்ளத்துக்கு வேறு துறையில்லை.